கம்யூனிசம் படிக்கத் தொடங்குகிறீர்களா? முதலில் படகுக் கணக்கைப் போடுங்கள்

பாம்பன் டீக்கடையில் கம்யூனிசம் என்று வாயைத் திறந்தால் மூன்று பதில்தான் வரும். "உண்டியலைத் தூக்கிட்டு வந்துருவானுக" என்பது ஒன்று. "இருக்கிறவன்ட்ட புடுங்கி இல்லாதவனுக்குக் குடுக்கிறது" என்பது இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் படித்தவர் சொல்வது: "கேக்க நல்லாத்தான் இருக்கும், நடைமுறைக்கு ஒத்து வராதுண்ணே." இதைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை, சரி, ஆனால் சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு எதிர்த்துக் கத்துகிறவர்களிலும் பலர் படித்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

நான் கட்சிக்காரன் இல்லை. இருபது வயதில் தங்கச்சிமடத்தில் ஒரு வாசிப்பு வட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், அப்புறம் பிழைப்பு இழுத்துக்கொண்டு போய்விட்டது. லாபம் எங்கிருந்து வருகிறது என்று ஜெர்மானிய அறிஞர் கார்ல் மார்க்ஸ் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்று இன்றைக்கும் நினைக்கிறேன், அதற்கு அவர் பேரைச் சொல்லிப் பலர் கொடுத்த பதில்களில் பாதிக்கு மேல் எனக்கு ஒப்புதல் இல்லை. புதிதாகப் படிக்க வருகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆதரிப்பதோ எதிர்ப்பதோ உங்கள் பாடு, எதை என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள், அவ்வளவுதான்.

முதல் படி: கேள்விப்பட்டதை எழுதி வையுங்கள்

புத்தகத்தைத் தொடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, கம்யூனிசம் என்றதும் மனதில் வருவதை வரிசையாக எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம். நான் அன்றைக்கு எழுதியது ஏழு வரி: வீட்டைப் பிடுங்குவார்கள். எல்லாருக்கும் ஒரே சம்பளம். சோம்பேறிக்கும் சோறு. சாமி கும்பிடக் கூடாது. எலெக்‌ஷன் கிடையாது. ரஷ்யாக்காரன் சரக்கு. அரசாங்கம் நடத்துவதெல்லாம் கம்யூனிசம்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை யார் சொன்னார் என்று எழுதுங்கள். எனக்கு நாலு வரிக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர், இரண்டுக்குச் சினிமா, ஒன்றுக்கு யார் என்றே ஞாபகம் வரவில்லை. நோட்டைப் பத்திரமாக வையுங்கள், கடைசி வரைக்கும் தேவைப்படும்.

இரண்டாவது படி: சொத்து என்ற சொல்லை இரண்டாகப் பிரியுங்கள்

நமக்குச் சொத்து என்றால் எல்லாமே சொத்துதான். ஆத்தா காதில் கிடக்கிற தோடும் சொத்து, பத்து சென்ட் பட்டாவும் சொத்து, பைபர் வள்ளமும் சொத்து, ஒருத்தர் பேரில் துறைமுகத்தில் நிற்கிற ஏழு விசைப்படகும், ஊருக்கே ஐஸ் கொடுக்கிற ஐஸ் பேக்டரியும் சொத்து. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் இருப்பதால் "தனியுடைமையை ஒழிப்போம்" என்று யாராவது சொன்னதும் நம் கை நேராகக் காதுத் தோட்டுக்குப் போய்விடுகிறது.

கம்யூனிஸ்டுகளின் கொள்கையைச் சொல்கிற சின்னப் புத்தகமான கம்யூனிஸ்ட் அறிக்கை 1848 பிப்ரவரியில் லண்டனில் அச்சானது. எழுதிய மார்க்சுக்கு அப்போது வயது 29, கூட எழுதிய நண்பர் எங்கெல்சுக்கு 27. பொதுவாகச் சொத்து என்பதையே ஒழிப்பது தங்கள் நோக்கம் இல்லை, முதலாளித்துவச் சொத்தை ஒழிப்பதுதான் நோக்கம் என்று அதன் இரண்டாவது அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். சமுதாயம் விளைவித்ததை எடுத்து அனுபவிக்கிற உரிமையை யாரிடமிருந்தும் பறிக்கவில்லை, அப்படி எடுத்ததை வைத்து அடுத்தவன் உழைப்பை அடக்கி ஆள்கிற சக்தியைத்தான் பறிக்கிறோம் என்கிறார்கள். உற்பத்திச் சாதனம் (பொருளை விளைவிக்கத் தேவைப்படுகிற படகு, ஆலை, நிலம் மாதிரியானவை) என்று புத்தகங்களில் வருகிற பெரிய வார்த்தை இதைப் பற்றியதுதான். எனக்கு நானே வைத்துக்கொண்ட சோதனை ஒன்று உண்டு: இந்தச் சொத்து வைத்திருக்கிறவரிடம் போய் நின்றால்தான் இன்னொருத்தன் வீட்டில் உலை வைக்க முடியும் என்ற நிலைமை வருகிறதா? தோட்டுக்கு வராது. ஏழு படகுக்கு வரும்.

இதை என் சித்தப்பாவிடம் ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொந்த வள்ளத்தில் தானே போய் வருகிறவர், நண்டு வலை. "அப்ப என் வள்ளத்தைப் புடுங்க மாட்டான்ங்கிற?" என்றார். சிறு கைவினைஞர், சிறு விவசாயியின் சொத்தைப் பற்றியா கேட்கிறீர்கள், அதை ஒழிக்க வேண்டியதே இல்லை, ஆலைத் தொழிலின் வளர்ச்சி ஏற்கெனவே பெருமளவு ஒழித்துவிட்டது, தினம் தினம் ஒழித்துக்கொண்டும் இருக்கிறது என்று அறிக்கையில் வருவதைச் சொன்னேன். முதல் நாள் இரவு விசைப்படகு ஒன்று அவருடைய வலையை வாரிக்கொண்டு போயிருந்தது. சிரித்தார், கசப்பாக. "இத எழுதுனவன் எந்த ஊருக்காரன்?"

சரி, ரஷ்யாவில் சின்ன விவசாயியின் மாட்டைக்கூடப் பிடுங்கத்தானே செய்தார்கள் என்று நீங்கள் கேட்டால், ஆமாம், பிடுங்கினார்கள். அதை மறைக்கப் போவதில்லை, கொஞ்சம் பொறுங்கள்.

மூன்றாவது படி: ஒரு படகின் கணக்கை உட்கார்ந்து போடுங்கள்

இதுதான் முக்கியமான படி, தாண்டிப் போகாதீர்கள். உபரி மதிப்பு என்ற சொல்லைக் கேட்டால் தலை சுற்றும், இறங்குதளத்துக்குப் போனால் அதையே ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்துவிடலாம்.

விடிகாலை ராமேஸ்வரம் இறங்குதளத்தில் நின்றால் தெரியும். படகு அணைந்ததும் கூடைகள் இறங்கும், இறால் தனியாக, கணவாய் தனியாக, நண்டு தனியாக, கழிவு மீன் ஒரு ஓரமாகக் குவியும். கம்பெனி ஆட்கள் குனிந்து ஒரு கையளவு இறாலை அள்ளி எண்ணிப் பார்ப்பார்கள். கிலோவுக்கு எத்தனை உருப்படி என்பதில்தான் விலை இருக்கிறது. பிறகு கணக்கு நோட்டு திறக்கும். முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழியும். மிச்சத்தில் சம்மாட்டிக்கு (படகு முதலாளிக்கு) ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. பங்கு விகிதம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும், அதனால் நான் இங்கே போடுகிற எண்கள் புரிவதற்காகப் போடுகிற எண்கள் மட்டுமே.

மீன் விற்றது 60,000 ரூபாய் என்று வையுங்கள். டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் 35,000. மிச்சம் 25,000. பாதிக்குப் பாதி என்றால் சம்மாட்டிக்கு 12,500, படகில் போன ஐந்து பேருக்கும் சேர்த்து 12,500, ஆளுக்கு 2,500. டிரைவருக்குக் கொஞ்சம் கூட வரும், அதை விடுங்கள்.

இந்த இடத்தில்தான் புதிதாகப் படித்தவர்கள் அவசரப்பட்டு "பாத்தியா, 12,500-உம் சுரண்டல்" என்று குதிப்பார்கள். தப்பு. படகு தேய்கிறது, வலை மடி கிழிகிறது, எஞ்சின் வேலை வைக்கிறது. அந்தத் தேய்மானம் ஒரு தடவைக்கு 5,000 என்று வைத்தால், அது படகு கட்டினவர், வலை பின்னினவர் உழைப்பு கொஞ்சம் கொஞ்சமாக மீனின் விலைக்குள் வந்து சேர்வது. மார்க்ஸ் இதைத் தனியாகத்தான் கழிக்கிறார். ஆக, அந்த ஒரு நாளில் புதிதாக உண்டானது 20,000. அதில் உழைத்தவர்களுக்குப் போனது 12,500. படகு தன் பேரில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கரையில் இருந்தவருக்குப் போனது 7,500. இந்த 7,500-க்குத்தான் உபரி மதிப்பு என்று பெயர். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, கணக்கு நோட்டில் ஒரு பைசா திருட்டு இல்லை, சம்மாட்டி தங்கமான மனிதராகவும் இருக்கலாம், கோவில் கொடைக்கு அள்ளிக் கொடுக்கலாம். மார்க்ஸ் பேசுவது ஆளின் குணத்தை அல்ல. நியாயமாகப் பேசி, நியாயமாகப் பங்கு வைத்த பிறகும் இந்த 7,500 எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறார். "முதலாளி என்றால் கெட்டவன் என்று சொல்வதுதான் கம்யூனிசம்" என்ற நினைப்பு உங்கள் நோட்டில் இருந்தால் இங்கேயே அடித்துவிடலாம்.

இப்போது எதிர்வாதம். மீன் பாடு இல்லாமல் படகு வெறுங்கையாகத் திரும்பினால் டீசல் காசு யார் தலையில் விழும்? சம்மாட்டி தலையில். புயலில் படகு உடைந்தால், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், வட்டிக்கு வாங்கிப் போட்ட முதல் போச்சு. அந்த ஆபத்துக்கு ஒரு கூலி வேண்டாமா? வலுவான வாதம்தான், இதைத் தட்டிவிட்டுப் போகிறவரிடம் பாடம் கேட்காதீர்கள். ஆனால் படகு பிடிபட்டால் படகோடு சேர்ந்து உள்ளே போகிறவன் யார், பாடு இல்லாத நாளில் வெறும் பையோடு வீட்டுக்குப் போகிறவன் யார் என்பதையும் அதே பேப்பரில் எழுதுங்கள். பங்குத் தொழிலில் நட்டமும் ஆட்களின் மேல் பகிர்ந்துதான் விழுகிறது. செய்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி முறைதான் முதலாளித்துவத்துக்கு மிகவும் ஒத்துப்போவது, மேற்பார்வை பார்க்கப் பெரும்பாலும் ஆளே வேண்டாம் என்று மூலதனம் என்ற தன் பெரிய நூலின் முதல் தொகுதியில், 1867-ல், மார்க்ஸ் எழுதியிருக்கிறார். பங்கு முறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம் நினைவுக்கு வரும்.

நான் இதில் எந்தப் பக்கம்? ஆபத்துக்கு ஒரு பங்கு நியாயம் என்று நினைக்கிறேன். படகு வைத்திருப்பவரே எப்போதும் படகு வைத்திருப்பவராகவும், ஆளாகப் போகிறவன் மகனும் ஆளாகவே போவதும் ஆபத்துக் கணக்கில் வராது என்றும் நினைக்கிறேன்.

நாலாவது: படகுக்கு வெளியே நிற்கிறவர்களைப் பாருங்கள்

வர்க்கம் என்றால் பணக்காரன், ஏழை என்று நினைப்பது இன்னொரு பெரிய தப்பு. எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்பதைவிட, எதை வைத்துச் சம்பாதிக்கிறாய், அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் வர்க்கத்துக்கு அளவுகோல். தொழிலாளி என்றால் ஆலை வாசலில் சங்கு ஊதினதும் போகிற ஆண்பிள்ளை என்று ஒரு படம் மனதில் இருக்கும், அதையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு முழுகிப் பாறையில் இருந்து பாசியைப் பிய்த்து, இடுப்பில் கட்டின பையில் போடுவார்கள். முதலாளி கிடையாது, மேஸ்திரி கிடையாது, கடல் யாருக்கும் பட்டா கிடையாது. அப்படியானால் சுரண்டலும் கிடையாதா? பாசியைக் கரையில் காயவைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு போனால் விலை சொல்வது ஏஜென்ட். அவரிடம் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தால் வேறு ஆளுக்கு விற்கவும் முடியாது. சாயல்குடி பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்கும் இதே கதைதான், பருவம் தொடங்கும் முன்பே வாங்கின கடன் கருப்பட்டியின் விலையைத் தீர்மானித்துவிடுகிறது. என் சித்தப்பாவின் வள்ளம்கூட அப்படித்தான்: பேர் அவருடையது, மீன் யாருக்குப் போகவேண்டும் என்பது முன்பணம் கொடுத்தவர் கையில். கடனும் ஒரு படகுதான் என்று அவர் சொல்வார், ஏறினால் இறங்க முடியாத படகு.

அப்புறம் அந்த ஏழாவது வரி, அரசாங்கம் நடத்துவதெல்லாம் கம்யூனிசம் என்பது. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது, 1974-ல் தொடங்கிய அரசு நிறுவனம். ரேஷன் கடை இருக்கிறது, ரயில் இருக்கிறது. இதெல்லாம் கம்யூனிசம் என்றால் பாம்பன் பாலத்தில் 1914-ல் ரயில் விட்ட வெள்ளைக்காரனையும் தோழர் என்று கூப்பிட வேண்டியதுதான். இதை எங்கெல்சே கிண்டல் செய்திருக்கிறார்: அரசு புகையிலைத் தொழிலைக் கையில் எடுப்பது சோசலிசம் என்றால் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனையும் ஆஸ்திரிய மந்திரி மெட்டர்நிக்கையும் சோசலிசத்தின் நிறுவனர்களாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று. அரசு யார் கையில் இருக்கிறது, உப்பளத்தில் வெயிலில் நிற்கிறவருக்கு அதன் நிர்வாகத்தில் சொல் உண்டா என்பதுதான் மார்க்சியர்கள் கேட்கிற கேள்வி. இலங்கைக் கரையில் நம் படகைப் பிடித்து "நாட்டுடைமை" ஆக்குகிறார்களே, அதுவும் கம்யூனிசம் இல்லை!

ஐந்தாவது: இப்போது புத்தகம்

நேராக மூலதனத்தை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்கள் கெட்டி அட்டையோடு மலிவாகக் கிடைத்த காலத்து மிச்சம் ஒன்று யார் வீட்டுப் பரணிலோ இருந்து வந்தது. முதல் அத்தியாயம் சரக்கைப் பற்றியது, மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் லினன் துணியும் மேல்சட்டையும் வருகிற இடத்தில் தூங்கிப்போனேன். கம்யூனிஸ்ட் அறிக்கையில் தொடங்குங்கள், அது சின்னது. 1931-லேயே பெரியாரின் குடி அரசு இதழில் தமிழில் வந்துவிட்டது, இப்போது பல மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. இரண்டாவது அத்தியாயத்தை முதலில் படியுங்கள், ஏனென்றால் அது முழுக்க "உங்களைப் பற்றி இப்படிச் சொல்கிறார்களே" என்ற குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்கிற அத்தியாயம். நம் டீக்கடைப் பேச்சு அன்றைக்கே ஐரோப்பாவில் நடந்திருக்கிறது. அந்த அத்தியாயத்தின் கடைசியில் பத்து நடவடிக்கைகள் வரும், அதில் வருமானம் ஏற ஏற வீதமும் ஏறுகிற வரி, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளியில் இலவசக் கல்வி, அன்றைக்கு இருந்த விதத்தில் குழந்தைகளை ஆலை வேலைக்கு விடக்கூடாது என்பதெல்லாம் இருப்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். நிலத்தில் தனியுடைமை ஒழிப்பும் அதே பட்டியலில் முதல் வரியாக இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது கூலியுழைப்பும் மூலதனமும். 1847-ல் பிரஸ்ஸல்ஸில் தொழிலாளர்களுக்கு மார்க்ஸ் பேசிய பேச்சு, பேச்சு என்பதால் புரியும்.

இவற்றோடு சம்பள வரியையும் சோம்பேறி வரியையும் சரிபார்க்கலாம். எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்று மார்க்ஸ் எங்கும் கேட்கவில்லை. 1875-ல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்து எழுதியதில் இதற்கு நேர்மாறாக ஒரு வாதம் வைக்கிறார்: ஒருத்தருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், ஒருத்தருக்கு ஆகியிருக்காது, ஒருத்தருக்குப் பிள்ளைகள் அதிகம், அப்படி இருக்கும்போது சமமான அளவுகோலே சமமில்லாததாகிவிடும் என்று. அதனால் கம்யூனிச சமுதாயத்தின் முதல் கட்டத்தில் பள்ளிக்கூடம், வைத்தியம், உழைக்க முடியாதவர்கள் ஆகியவற்றுக்குப் பொதுவில் கழித்துவிட்டு மிச்சம் உழைப்புக்கு ஏற்ப, எல்லாம் பெருகின பிறகு வருகிற கட்டத்தில்தான் "ஒவ்வொருவரும் தன் திறமைக்கேற்ப, ஒவ்வொருவருக்கும் அவர் தேவைக்கேற்ப." மேடைகளில் இந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கட்டத்தை எட்டிவிட்டோம் என்று சோவியத் யூனியன்கூடச் சொல்லிக்கொண்டதில்லை, அதன் பெயரிலேயே இருப்பது சோசலிசம்தான்.

சோம்பேறிக்குச் சோறு? 1936 சோவியத் அரசியல் சட்டத்தின் 12-ஆவது பிரிவு "உழைக்காதவன் உண்ணலாகாது" என்கிறது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? தங்கச்சிமடத்துக்காரர்களுக்கு இருக்கும். பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம், மூன்றாம் அதிகாரம், பத்தாம் வசனம். (அந்தச் சட்டம் வந்து ஓராண்டுக்குள் அங்கே என்ன நடந்தது என்பது வேறு விஷயம், வருகிறேன்.)

சாமி, சாதி

மதம் மக்களுக்கு அபின் என்ற வரியை எல்லாரும் சொல்வார்கள், அதற்கு முன்னால் இருப்பதை யாரும் சொல்வதில்லை. 1844-ல் வெளிவந்த அந்தப் பத்தியில் மதம் என்பது ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமற்ற உலகின் இதயம் என்று வருகிறது, பிறகுதான் அபின். அந்தக் காலத்தில் அபின் வலிக்கு மருந்தாகவும் இருந்தது. மகன் கடலில் காணாமல் போன வீட்டில், மாதா சுரூபத்துக்கு முன்னால் நாள் கணக்கில் மெழுகுவர்த்தி அணையாமல் எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். மார்க்ஸ் கடவுளை நம்பவில்லை, உண்மை, ஆனால் அந்த மெழுகுவர்த்தியை ஊதி அணை என்று அந்தப் பத்தி சொல்லவில்லை, அது எரிய வேண்டி வந்த வலியைப் பார் என்கிறது. இது எழுத்து. நடந்தது என்ன? மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை 1931-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள், அல்பேனியா 1967-ல் தன்னை நாத்திக நாடு என்றே அறிவித்துக்கொண்டது. ஆகவே உங்கள் நோட்டில் அந்த வரியை முழுதாக அடிக்காதீர்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். ஆனால் கம்பனைப் பற்றி மேடை மேடையாக உருகிப் பேசிய ஜீவானந்தமும் கம்யூனிஸ்டுதான்.

சாதியைப் பற்றி மார்க்ஸைப் படித்தால் மட்டும் போதாது. ஒரே படகில் போய் ஒரே பங்கு வாங்குகிறவர்கள் கரை இறங்கினதும் வேறு வேறு தெருவுக்குப் போகிற ஊர் இது. சாதி வெறும் வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936-ல் எழுதினார். வர்க்கம் மாறினால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று எந்தத் தோழராவது சொன்னால் அந்த ஒரு வரியைக் காட்டிப் பதில் கேளுங்கள். பதில் வருகிற தோழர்களும் இருக்கிறார்கள்.

ரஷ்யாக்காரன் சரக்கா?

சுருக்கமாக: எழுதியவர்கள் ஜெர்மானியர்கள், அச்சானது லண்டனில், ரஷ்யாவுக்குப் போனது பிறகு. இந்தியாவில் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர் சிங்காரவேலர், 1923 மே 1, சென்னைக் கடற்கரையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டம். 1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைவரும் அவர்தான். 1860-ல் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். இதை எங்கள் கடற்கரையில் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். நம்ம ஆளா என்பார்கள். 1964-ல் கட்சி இரண்டானதும், பிறகு மேலும் உடைந்ததும் தனிக் கதை, தொடக்கத்திலேயே அதற்குள் போனால் வெளியே வரமாட்டீர்கள்.

ஆறாவது: ரத்தத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

பேச்சு எப்போதும் சறுக்குகிற இடம் இதுதான். தத்துவம், இயக்கம், ஆட்சி மூன்றும் ஒன்றில்லை, நோட்டில் மூன்று பத்தி போட்டுத் தனித்தனியாக எழுதுங்கள். கூலி உயர்வுக்காகச் சிறைக்குப் போன ஒரு தொழிற்சங்கக்காரரையும், ஆட்சியில் உட்கார்ந்து ஆளைச் சுடச் சொன்னவரையும் ஒரே கட்டில் கட்டக் கூடாது.

ஆனால் மூன்றாவது பத்தியை எழுதத்தான் வேண்டும். ஸ்டாலின் காலத்தில் நிலத்தையும் மாட்டையும் கூட்டுப்பண்ணைக்குள் அடித்துத் தள்ளியதையும், தானியத்தைப் பிடுங்கியதையும் தொடர்ந்து 1932-33 பஞ்சத்தில், உக்ரைனிலும் பிற பகுதிகளிலும், பல லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 1937-38-ல் மட்டும் ஏறக்குறைய 6,80,000 பேருக்கு மரண தண்டனை என்று சோவியத் ஆவணங்களே சொல்கின்றன, அதில் பழைய கம்யூனிஸ்டுகளே ஏராளம். சீனாவில் 1958-ல் மாவோ தொடங்கிய பெரும் பாய்ச்சல் என்ற திட்டத்தின் பஞ்சத்தில் இறந்தவர்களைக் கோடிக்கணக்கில்தான் எண்ணுகிறார்கள், எத்தனை கோடி என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை. கம்போடியாவில் போல் பாட் ஆட்சியில், 1975-க்கும் 1979-க்கும் இடையில், 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் வரை மாண்டார்கள். இதைச் சொன்னால் "அது உண்மையான கம்யூனிசம் இல்லை தோழர்" என்று ஒருத்தர் வருவார். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் உண்மையானது வராமல் போனதற்கு என்ன காரணம், ஒரே கட்சி கையில் நிலமும் பேப்பரும் போலீசும் சேர்ந்தால் எதிர்த்துக் கேட்க யார் மிஞ்சுவார் என்று அவரையே கேளுங்கள். பதில் சொல்லாமல் ஏகாதிபத்தியம் பக்கம் தாவினால் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

எலெக்‌ஷன் வரியில் நான் மாட்டிக்கொண்டு நின்றது இங்கேதான். கேரளத்தில் 1957-ல் ஓட்டில் ஜெயித்து ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார், 1959 ஜூலையில் அந்த ஆட்சியைக் கலைத்தது மத்திய அரசு. மேற்கு வங்கத்தில் 1977 முதல் 2011 வரை ஓட்டு வாங்கி ஆண்டார்கள், தோற்றதும் இறங்கிப் போனார்கள். 1871-ல் பாரிஸ் நகரத் தொழிலாளர்கள் அமைத்த பாரிஸ் கம்யூன் என்ற ஆட்சி இரண்டு மாதம்தான் இருந்தது, அதில் தேர்ந்தெடுத்தவரைத் திரும்ப அழைக்கலாம், சம்பளமும் தொழிலாளி வாங்குகிற அளவுதான் என்று வைத்தார்கள், மார்க்ஸ் அதைப் பாராட்டி எழுதினார். இன்னொரு பக்கம், 1918 ஜனவரியில் ரஷ்யாவில் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபை ஒரே ஒரு நாள் கூடியது, லெனினின் கட்சியான போல்ஷ்விக்குகள் கலைத்துவிட்டார்கள். அதைக் கண்டித்த ரோசா லக்சம்பர்க்கும் கம்யூனிஸ்டுதான், சுதந்திரம் என்றால் எப்போதும் மாற்றி யோசிக்கிறவனின் சுதந்திரம் என்று எழுதியவர். என் நோட்டில் ஏழில் நாலு வரியை அடித்திருக்கிறேன், சாமி வரிக்கும் வீடு வரிக்கும் கேள்விக்குறி, இந்த எலெக்‌ஷன் வரியை மட்டும் ஒவ்வொரு தடவையும் அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

ஏழாவது: எதிர்க்கிறவரையும் படியுங்கள், பிறகு வாயைத் திறங்கள்

உழைப்பிலிருந்துதான் மதிப்பு வருகிறது என்ற அடிப்படையையே பொருளியலாளர்களில் பெரும்பாலோர் இன்றைக்கு ஏற்பதில்லை. நம் படகுக் கணக்கின் 7,500-க்கு அவர்கள் வேறு விளக்கம் வைத்திருக்கிறார்கள்: வட்டி, ஆபத்து, காத்திருந்ததற்குக் கூலி. ஆஸ்திரியப் பொருளியலாளர் போம்-பாவெர்க் 1896-ல் எழுதிய விமர்சனம் இதில் பழையது, பேர் பெற்றது. அம்பேத்கரின் புத்தரா கார்ல் மார்க்ஸா என்ற கட்டுரை சின்னது, ஏழ்மை பற்றிய மார்க்ஸின் கவலையை ஏற்றுக்கொண்டு வழியை மறுப்பது. அதைக் கட்டாயம் படியுங்கள்.

பேசும்போது மொழிபெயர்ப்புத் தமிழை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். இருபது வயதில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து "பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம்" என்று அரைமணி நேரம் முழங்கினேன். ஒரு கிழவி ஊசியை நிறுத்தாமல், "யய்யா, நீ கடைசியா எப்பக் கடலுக்குப் போன?" என்று கேட்டது. நான் போனதே இல்லை. அன்றைக்கு எழுந்து வந்தவன் மறுபடி அங்கே போக ஆறு மாசம் ஆனது, போனபோது பேசப் போகவில்லை, பங்குக் கணக்கு எப்படி வைக்கிறார்கள் என்று கேட்கப் போனேன். மேலே நான் போட்ட கணக்கில் தேய்மானத்தைக் கழிக்கச் சொல்லிக் கொடுத்தது அந்தக் கிழவியின் மகன்தான், சொந்தப் படகு இல்லாதவர்.

எப்போது தொடங்கலாம் என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் தடைக்காலம்தான் வசதி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்களும் கரையில் இருப்பார்கள். முதல் வாரம் நோட்டும் படகுக் கணக்கும், அடுத்த இரண்டு வாரம் அறிக்கை, பிறகு கூலியுழைப்பும் மூலதனமும், மே மாதக் கடைசியில் அம்பேத்கர், மிச்ச நாளில் ஸ்டாலின் காலத்து வரலாறு. நாலைந்து பேராக, சாயங்காலம், மரத்தடியில், ஒருத்தர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்டால் நன்றாக நகரும். ஜூன் பத்துக்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு வலை ஏற்றுவது, ஐஸுக்குச் சொல்வது, கடலுக்குப் போக அனுமதி டோக்கனுக்கு ஓடுவது என்று ஆளாளுக்குப் பறப்பார்கள், கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.